‘எங்கே?’: நடுக்கடலில் விமானமோ கப்பலோ ஆபத்தில் சிக்கினால் மீட்புப் படை என்ன செய்கிறது

2025 மே 24 அன்று, கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல்மைல் தள்ளி, எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. மேலே 640 கன்டெய்னர்கள், உள்ளே 24 ஊழியர்கள். அன்றைக்கே 21 பேரை மீட்டுவிட்டார்கள். கப்பலைக் காப்பாற்ற வழியுண்டா என்று பார்க்க மூன்று பேர் மட்டும் மேலேயே தங்கினார்கள். மறுநாள் காலை நிலைமை கைமீறியதும் அவர்களையும் கடற்படைக் கப்பலான ஐஎன்எஸ் சுஜாதா ஏற்றிக்கொண்டது. கப்பல் மூழ்கியது. ஆட்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி, செயற்கைக்கோள் என்று எல்லாவற்றையும் இறக்கித் தேடினார்கள். அதன் சிதைவுகள் கிடைத்துவிட்டதாக அரசு அறிவித்தது 2024 ஜனவரியில். ஏழரை வருடம்.

இரண்டிலும் தேடியவர்கள் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள்தான். முதல் சம்பவத்தில் ‘எங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் ஆரம்பத்திலேயே கையில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. ஹெலிகாப்டரில் கயிறு கட்டி ஆளைத் தூக்குவதைத்தான் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். ஆனால் இந்த வேலையில் பெரும்பங்கு, தூக்க வேண்டிய ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதில் போகிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்: யார் பொறுப்பு?

1979இல் ஹாம்பர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலகக் கடல்கள் முழுவதும் தேடல்-மீட்பு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன. விமானங்களுக்கு சிகாகோ உடன்படிக்கையின் 12ஆம் இணைப்பு இதே வேலையைச் செய்கிறது. இந்தியாவின் பங்கு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். நம் நிலப்பரப்பையே விட இது பெரியது. கடலில் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல்படைக்கு. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) ஆகிய மூன்று இடங்களில் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இரவு பகல் இயங்குகின்றன. விமானங்களுக்கு விமான நிலைய ஆணையத்தின் மையங்கள் சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லியில் உள்ளன. விமானம் கடலில் விழுந்துவிட்டால் இரண்டு தரப்பும் கைகோத்துவிடும். இலங்கையில் இந்த மையம் கொழும்பில், கடற்படைத் தலைமையகத்தில் இருக்கிறது.

இந்த வட்டாரக் கோடு நாட்டு எல்லைக்கோடு அல்ல. ‘இந்தப் பகுதியில் யாராவது கூப்பிட்டால் முதலில் போனை எடுக்க வேண்டியவர் நீங்கள்’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. 2020 செப்டம்பர் 3 அன்று, இலங்கையின் கிழக்கே சங்கமன்கண்டிக்கு அப்பால், சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் வந்த நியூ டைமண்ட் கப்பல் தீப்பிடித்தது. இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தன. 23 பேரில் ஒருவர் இறந்தார், 22 பேர் பிழைத்தார்கள்.

படி 1: சத்தம் கரைக்கு எட்ட வேண்டும்

ஆபத்துச் செய்தி பல வழியில் வரும். எளியது வயர்லெஸ். விஎச்எஃப் என்ற குறுந்தூர வயர்லெஸின் 16ஆம் சேனலில் மூன்று முறை ‘மேடே’ என்று சொல்லிவிட்டு, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆயிற்று, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் என்று இந்த வரிசையில் சொல்ல வேண்டும். இடத்தை முன்னால் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி போய்விட்டால் மற்றதெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடம் தெரிந்திருந்தால் போதும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் அவசரம் என்றால் ‘மேடே’ வேண்டாம், ‘பான் பான்’ என்ற அழைப்பு அதற்கென்றே இருக்கிறது. எஞ்சின் நின்றுபோய், கடல் அமைதியாக இருந்து, நீங்கள் வெறுமனே மிதந்துகொண்டிருந்தால் அதுதான் சரி.

கப்பல் வயர்லெஸ் கருவிகளில் சிவப்பு மூடிக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், கருவியில் ஜிபிஎஸ் இணைத்திருக்கும் பட்சத்தில், இடம் உட்பட எல்லாம் தானாகவே 70ஆம் சேனலில் போய்விடும். பேச நேரமில்லாதவர்களுக்கு இது வரம். விமானியிடம் இதற்கு ஈடாக ஓர் எண் இருக்கிறது. ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 7700 என்று திருகினால் கட்டுப்பாட்டு அறையின் ரேடார் திரையில் அந்த விமானம் தனியாகத் தெரியும். அத்துடன் 121.5 மெகாஹெர்ட்ஸில் குரல் அழைப்பு.

அடுத்து பீக்கன், அதாவது ஆபத்தில் தானாகவே சிக்னல் அனுப்பும் கருவி. கப்பலில் இருப்பதை ‘ஈபிர்ப்’ என்பார்கள், விமானத்தில் இருப்பது ‘ஈஎல்டி’. தண்ணீரில் மூழ்கினாலோ மோதல் அதிர்ச்சி பட்டாலோ தானாக விழித்துக்கொள்ளும். சுமார் 50 நொடிக்கு ஒரு முறை, அரை நொடி நேரம், 406 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு. காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்டுத் தரைநிலையத்துக்கு இறக்கும். இந்தியாவில் அந்தத் தகவல் பெங்களூருவில் இஸ்ரோ நடத்தும் மையத்துக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கோ மும்பைக்கோ போகும். பனிப்போர்க் காலத்திலேயே அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து தொடங்கிய வேலை இது. 1982 முதல் ஆட்களைக் காப்பாற்றி வருகிறது. இரண்டு வல்லரசுகளும் மற்ற எதிலும் ஒத்துப்போகாத காலத்தில் இதில் மட்டும் ஒத்துப்போயின என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

பீக்கனுக்குள் ஜிபிஎஸ் இருந்தால் இடம் நூறு மீட்டர் அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். இல்லையென்றால் அலைநீள மாற்றத்தை வைத்துச் செயற்கைக்கோள் கணக்கிடும், சில கிலோமீட்டர் பிசகு வரும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது அடுத்து வரும் கணக்கில் தெரியும்.

நம் மீனவர்களின் கதை வேறு. விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவது. கடலின் வளைவுக்கு அப்பால் இறங்காது. உயரமான ஆண்டெனா உள்ள கரைநிலையத்துக்கு 20, 30 கடல்மைல் எட்டும். இரண்டு விசைப்படகுகளுக்கு நடுவே பத்துப் பதினைந்தைத் தாண்டினாலே பெரிய காரியம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவர்களோ நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளி நிற்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கி புயல் உருவானபோது நடந்தது இதுதான். கரையில் எச்சரிக்கை சொன்னபோது அதைக் கேட்க அவர்கள் வயர்லெஸ் எல்லைக்குள் இல்லை. அவர்கள் கூப்பிட்டதும் கரைக்குக் கேட்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இஸ்ரோவின் ‘டாட்’ என்ற ஆபத்து எச்சரிக்கைக் கருவி. 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்கு இடத்துடன் செய்தி போகும். பழைய கருவியில் ஒரு பெரிய குறை இருந்தது. அழுத்தியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. நடுக்கடலில் உட்கார்ந்து, யாருக்காவது கேட்டதா இல்லையா என்று தெரியாமல் இரவைக் கழிப்பதை யோசித்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் வெளியான இரண்டாம் தலைமுறைக் கருவி ‘கிடைத்தது, உதவி வருகிறது’ என்று திருப்பிச் சொல்கிறது. கேட்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் உதவி வருகிறது என்று தெரிந்தவர் படகை விட்டுக் குதிக்க மாட்டார், இருக்கும் தண்ணீரை அளந்து குடிப்பார்.

சிக்னல் எல்லைக்குள் இருந்தால் கைபேசியில் 1554. கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண்.

கடைசி வகை, சத்தமே வராத சத்தம். வர வேண்டிய நேரத்தில் படகு வரவில்லை, பேச வேண்டிய நேரத்தில் விமானம் பேசவில்லை. அதுவும் ஆபத்துச் செய்திதான்.

படி 2: உண்மையா, எவ்வளவு உண்மை?

பீக்கன் அழைப்புகளில் பெரும்பாலானவை பொய் அழைப்புகள். யாரோ கழுவும்போது தண்ணீர் பட்டிருக்கும், பழைய கப்பலை உடைக்கும் இடத்தில் குப்பையோடு குப்பையாகக் கிடந்து கத்திக்கொண்டிருக்கும். ஆகவே மையத்தில் முதல் வேலை போன் போடுவது. ஒவ்வொரு பீக்கனுக்கும் தனி அடையாள எண் உண்டு. அது பதிவு செய்யப்பட்டிருந்தால் உரிமையாளர் யார், எந்தக் கப்பல், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று உடனே தெரியும். ‘கப்பல் துறைமுகத்தில்தான் சார் நிக்குது’ என்ற பதில் வந்தால் அங்கேயே முடிந்தது. ‘அவங்க நேத்து ராத்திரி கிளம்பிட்டாங்களே’ என்று வந்தால் வேலை சூடுபிடிக்கும். பதிவு செய்யாத பீக்கன் என்றால் இந்த ஒரு போன் கால் போட வழியில்லாமல் மணிக்கணக்கு வீணாகும். பீக்கனை வாங்கிவிட்டுப் பதிவு செய்யாமல் விடுவது, வீட்டுக்குப் பூட்டு வாங்கி மாட்டாமல் வைப்பது மாதிரி.

விமானங்களுக்கு இந்தச் சந்தேகத்தையே மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். பேச வேண்டிய நேரம் கடந்து 30 நிமிடம் ஆகியும் தகவல் இல்லையென்றால் ‘நிச்சயமின்மை’ கட்டம். அதற்குப் பிறகும் கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் ‘எச்சரிக்கை’ கட்டம். இறங்க அனுமதி வாங்கிய விமானம் குறித்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் இறங்காமல், தொடர்பிலும் வராவிட்டால் நேரே இந்தக் கட்டம்தான். எங்கும் விசாரித்துப் பார்த்தாகிவிட்டது, எரிபொருளும் தீர்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கு வந்தால் ‘ஆபத்து’ கட்டம். கப்பல்களுக்கும் இதே மூன்று கட்டங்கள் உண்டு, நேரக் கணக்கு மட்டும் இவ்வளவு இறுக்கமாக இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது: உறுதியாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. விசாரித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் என்ன கப்பல், எந்த விமானம் தயார் என்ற பட்டியல் போட்டுவிடுவார்கள்.

படி 3: ‘எங்கே?’ என்ற கணக்கு

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைசியாகத் தெரிந்த இடம் ஒரு புள்ளி. ஆனால் மீட்புக் கப்பல் அங்கே போய்ச் சேர ஆறு மணி நேரம் என்றால், ஆள் அந்தப் புள்ளியில் இருக்க மாட்டார். ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் நீரோட்டம் இருந்தால் ஆறு மணி நேரத்தில் ஆறு கடல்மைல், சுமார் 11 கிலோமீட்டர் நகர்ந்திருப்பார். எந்தப் பக்கம்? நீரோட்டத்தை நம் கடலோரத்தில் நீவாடு என்பார்கள். மேல் நீவாடு ஒரு பக்கமும் அடி நீவாடு வேறு பக்கமும் இழுக்கும் நாட்கள் உண்டு என்பது வலை போடுகிற எவருக்கும் தெரியும்.

அதோடு காற்று. தண்ணீரில் கழுத்தளவு மிதக்கும் மனிதனைக் காற்று அதிகம் தள்ளாது, அவன் நீவாட்டோடு போவான். ரப்பர் மிதவைப் படகு அப்படியில்லை, பலூன் மாதிரி காற்றுப் பக்கம் ஓடும். அதிலிருந்து கடல் நங்கூரத்தை, அதாவது துணிக்குடை போன்ற ஒன்றை, தண்ணீரில் இறக்கிவிட்டால் வேகம் குறையும். கவிழ்ந்து பாதி மூழ்கிய வள்ளம் இன்னொரு கணக்கு. ஆக, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடந்த விபத்தில் ஆள் ஓரிடம், மிதவை ஓரிடம், படகு ஓரிடம் என்று பத்து மணி நேரத்தில் பிரிந்துவிடும். அதனால்தான் மையத்தில் ‘என்ன தொலைந்தது?’ என்பதை அத்தனை நுணுக்கமாகக் கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் போட ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் ‘சாரத்’ என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. கடைசி இடம், நேரம், தொலைந்த பொருளின் வகை ஆகியவற்றைக் கொடுத்தால், கணினி அங்கே ஏராளமான கற்பனைத் துகள்களை இறக்கி, காற்றும் நீரோட்டமும் அவற்றை எங்கெங்கே கொண்டுபோகும் என்று ஓட்டிப் பார்க்கும். துகள்கள் எங்கே அடர்த்தியாகச் சேர்கின்றனவோ அங்கேதான் தேடலின் முதல் கட்டம். தமிழிலும் பயன்படுத்தலாம்.

இப்போது பிசகின் கணக்கு. ஆள் இருக்கும் இடம் ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்குள் தெரிந்தால், தேட வேண்டிய பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். ஒரு விமானம் சீக்கிரமே அலசிவிடும். ஆரம் 20 கிலோமீட்டரானால் 1,250 சதுர கிலோமீட்டருக்கு மேல். தூரம் நான்கு மடங்கு, பரப்போ பதினாறு மடங்கு. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் இந்த வட்டத்தை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

கணக்கு எப்போதும் கை கொடுக்கும் என்றும் இல்லை. ரியோவிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447 விமானம் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்தது, 228 பேர் இறந்தார்கள். சில நாளில் மிதக்கும் சிதைவுகள் கிடைத்தன. அவை எங்கிருந்து மிதந்து வந்திருக்கும் என்று நீரோட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் கணக்கை நம்பித் தேடிய இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு நிபுணர்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வைத்தார்கள். ‘இங்கே தேடினோம், கிடைக்கவில்லை’ என்பதும் ஒரு தகவல்தானே? அந்தப் பகுதியின் சாத்தியத்தைக் குறைத்து, மற்ற இடங்களின் சாத்தியத்தைக் கூட்டினார்கள். கறுப்புப் பெட்டி கிடக்கும் இடத்தைக் காட்ட நீருக்கடியில் ஒலி எழுப்பும் ஒலிக்கருவிகள் வேலை செய்யாமலே போயிருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். 2011 ஏப்ரலில் புதுக் கணக்குப்படி தேடத் தொடங்கிய சில நாளிலேயே, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். இரண்டு வருடமாகக் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

படி 4: யாரை அனுப்புவது?

பலரும் நினைப்பதற்கு மாறாக, முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் மீட்புப் படையின் கப்பல் அல்ல, அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சரக்குக் கப்பல். கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் போவது கேப்டனின் சட்டக் கடமை. நாடு, மொழி, சரக்கின் அவசரம் எதுவும் அதற்குச் சாக்கில்லை. தன் கப்பலுக்கும் ஊழியர்களுக்கும் பெரிய ஆபத்து வரும் என்றால் மட்டும் விலக்கு. ‘இண்ட்சார்’ என்ற ஏற்பாட்டில் கப்பல்கள் தாமாகவே தங்கள் இடத்தைக் கடலோரக் காவல்படைக்குச் சொல்லிக்கொண்டு போகின்றன. எனவே யார் பக்கத்தில் இருக்கிறார் என்று மையத்துக்குத் தெரியும்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் யுஎஸ் ஏர்வேஸ் விமானம் இறங்கியபோது உள்ளே 155 பேர். நான்கே நிமிடத்தில் முதலில் போய் நின்றது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் பயணிகள் படகு. எல்லோரும் பிழைத்தார்கள். ஒக்கியின்போதும் கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்கள். கடற்படைக் கப்பல்களும் மீனவர்களை உடன் ஏற்றிக்கொண்டு தேடின. எந்தக் காலத்தில் எந்தப் படகு எங்கே மீன்பிடிக்கும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

மையம் ஒருபக்கம் இதையெல்லாம் கூட்டும்போதே தன் படையையும் கிளப்பும். டார்னியர் விமானம் வேகமாகப் போய்ப் பார்க்கும், மிதவையை மேலிருந்து போடும், ஆனால் ஆளைத் தூக்க முடியாது. ஹெலிகாப்டர் தூக்கும், ஆனால் எரிபொருள் கொஞ்சம். கப்பல் மெதுவாகப் போகும், ஆனால் போனால் நாள்கணக்கில் நிற்கும். மூன்றையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். சம்பவ இடத்தில் பல கப்பல்கள் சேர்ந்துவிட்டால் அவற்றில் ஒன்றின் கேப்டனைத் தளத் தலைவராக நியமிப்பார்கள். யார் எந்தப் பட்டையில் தேடுவது, யார் எந்த உயரத்தில் பறப்பது என்பதை அவர்தான் பிரிப்பார்.

படி 5: கடலை உழுவது

தேடுவது என்றால் சுற்றிச் சுற்றி வருவது அல்ல. விட்டுப்போன இடமும் இரட்டிப்பாகப் பார்த்த இடமும் இல்லாதபடி உழவு மாதிரி போக வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல இதற்கும் வடிவங்கள் உண்டு.

இப்போதுதான் ஒருவர் தவறி விழுந்தார், இடம் நன்றாகத் தெரியும் என்றால் ‘பிரிவு’ வடிவம். மையப்புள்ளி வழியாக மறுபடி மறுபடி போய்வருமாறு, ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் 120 பாகை திரும்பி மூன்று முக்கோணம். புள்ளிக்குப் பக்கத்தில்தான் அதிக முறை கண் படும். இடம் ஓரளவு தெரியும் என்றால் ‘விரியும் சதுரம்’: மையத்தில் தொடங்கி ஒரு பங்கு நேரே, திரும்பி ஒரு பங்கு, திரும்பி இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று என்று வெளிப்பக்கமாக விரிந்துகொண்டே போவது. இடமே சரியாகத் தெரியாத பெரும்பரப்புக்கு இணைகோடுகள். விமானம் ஒன்று வழியில் மறைந்தால் முதலில் அதன் பாதையை ஒட்டியே ஒரு நேர்த்தேடல்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பது, என்ன தேடுகிறோம், கடல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆரஞ்சு நிற மிதவையைக் கடல்மைல் கணக்கில் பார்க்கலாம். மனிதத் தலை தேங்காய் அளவுதான். வெள்ளை நுரை அலைகள் கிளம்பிவிட்டால் பக்கத்தில் போனாலும் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து வெறித்துப் பார்ப்பவரின் கண் சீக்கிரம் களைத்துவிடும், அதனால் அடிக்கடி ஆள் மாற்றுவார்கள். இரவில் வெப்பத்தைக் காணும் கேமரா உதவும். ஆனால் லைஃப் ஜாக்கெட்டின் சின்ன விளக்கும், ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டையும், ஒரு விசிலும் செய்கிற உதவி அதற்குக் குறைந்ததல்ல.

இங்கே தண்ணீரில் இருப்பவருக்கு ஒரு சொல். தூரத்தில் விமானச் சத்தம் கேட்டவுடன் இருக்கும் தீப்பந்தம் அத்தனையையும் கொளுத்திவிடாதீர்கள். கையில் பிடிக்கும் சிவப்புப் பந்தம் ஒரு நிமிடம் எரியும். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 நொடி எரியும். விமானம் உங்களை நோக்கி வரும்போது கொளுத்துங்கள், தாண்டிப் போன பிறகு கொளுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பகலில் ஆரஞ்சுப் புகை. ஒன்றும் இல்லையென்றால் கண்ணாடி. வெயிலில் அதன் மினுக்கம் வெகுதூரம் தெரியும்.

படி 6: தூக்குவது

ஹெலிகாப்டர் மேலே வந்ததும் இறங்கும் கம்பியை உடனே எட்டிப் பிடிக்கக் கூடாது. சுழலும் இறக்கைகளால் அதில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். தண்ணீரையோ படகின் தளத்தையோ தொட்டு இறங்கிய பிறகே கை வைக்க வேண்டும். கம்பியைப் படகில் எதிலும் கட்டவே கூடாது, கட்டினால் ஹெலிகாப்டருக்கே ஆபத்து. பட்டையை அக்குளுக்கு அடியில் போட்டுக்கொண்டபின் கைகளைக் கீழே தொங்கவிட வேண்டும். பயத்தில் கையைத் தூக்கினால் பட்டையிலிருந்து நழுவிவிடுவீர்கள். படகில் பறக்கக்கூடிய தார்ப்பாய், பிளாஸ்டிக் கூடை எதுவும் வெளியே இருக்கக் கூடாது.

வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவரை முடிந்தால் படுக்கை நிலையிலேயே தூக்க வேண்டும். தண்ணீர் உடம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டிருந்தது திடீரென விலகியதும் இரத்த அழுத்தம் சரிந்து, மீட்ட கையிலேயே உயிர் போன சம்பவங்கள் உண்டு. வங்கக் கடல் வெதுவெதுப்பானதுதானே என்று நினைக்க வேண்டாம். 28 டிகிரித் தண்ணீரும் உடம்பைவிடக் குளிர்ச்சிதான், இரவெல்லாம் கிடந்தால் சூடு இறங்கிவிடும். பகலில் வெயிலும் தாகமும். கடல் தண்ணீரைக் குடிப்பது தாகத்தைக் கூட்டும், குடிக்கவே கூடாது.

விமானப் பயணிகளுக்கு ஒன்று. இருக்கைக்கு அடியில் உள்ள லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிவிடாதீர்கள் என்று பணிப்பெண் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமோரோஸ் தீவுகளுக்கு அருகே கடலில் இறங்கியது. உள்ளே இருந்த 175 பேரில் பிழைத்தது 50 பேர். இறங்கும்போது உயிரோடிருந்த பலர், ஊதிய ஜாக்கெட்டோடு கூரையில் முட்டிக்கொண்டு, நீர் நிரம்பிய விமானத்திலிருந்து வெளியேற முடியாமல் மூழ்கினார்கள். வாசலைத் தாண்டிய பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும்.

படி 7: எப்போது நிறுத்துவது?

இந்த முடிவை எடுப்பவரின் இடத்தில் யாரும் இருக்க விரும்ப மாட்டார்கள். தண்ணீரின் சூடு, ஆட்களிடம் இருந்த உணவு, மிதவை, தேடிய பரப்பு எவ்வளவு, அதில் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க எவ்வளவு சாத்தியம் என்று எல்லாவற்றையும் பார்த்து, இனி உயிரோடு கிடைக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தபின்தான் நிறுத்துவார்கள். அதற்குப் பெயரும் ‘முடிப்பு’ அல்ல, ‘நிறுத்திவைப்பு’. புதிய தடயம் கிடைத்தால் மறுபடி கிளம்பலாம்.

அதற்குப் பிறகு நடப்பது சிதைவைத் தேடுவது. வேறு ஆட்கள், வேறு கருவிகள். கறுப்புப் பெட்டியோடு இருக்கும் ஒலிக்கருவி முன்பெல்லாம் 30 நாள்தான் ஒலிக்கும். ஏர் பிரான்ஸ் 447க்குப் பிறகு அதை 90 நாளாக்கினார்கள். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் எம்எச்370க்குப் பிறகு, பெரிய பயணிகள் விமானங்கள் பெருங்கடலுக்கு மேலே 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது எங்கே இருக்கின்றன என்பது தெரிய வேண்டும் என்று விதி வந்தது. புதிதாகக் கட்டப்படும் பெரிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒரு முறை தாமாகவே இடத்தைச் சொல்ல வேண்டும்.

தேடுகிறவர்களும் தொலைந்திருக்கிறார்கள். 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்துக்குப் போன கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் மூன்று பேருடன் மறைந்தது. ஒலிக்கருவியின் சத்தத்தை நீர்மூழ்கி ஐஎன்எஸ் சிந்துத்வஜ் கேட்டது. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, கடலூருக்கு அப்பால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது. மூவரும் இறந்திருந்தார்கள். ஏஎன்-32க்கு அந்த ஒலியும் கிடைக்கவில்லை. சென்னையிலுள்ள தேசிய கடல்தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில்தான் அது தெரிந்தது.

கிளம்பும் முன்

படகிலோ தோணியிலோ போகிறவர்கள் கரையில் ஒருவரிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்தால் போதும். படகின் பெயர், பதிவு எண், நிறம், எத்தனை பேர், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், எந்த நாள் எந்த மணிக்குத் திரும்புவோம், பீக்கனோ டாட் கருவியோ உண்டா, அதன் எண் என்ன. கீழே ஒரு வரி: ‘இத்தனை மணிக்குள் வராவிட்டால் 1554க்குச் சொல்லவும்.’ அந்த மணியைத் தெளிவாக எழுதுவது முக்கியம். ‘எதற்கும் இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று வீட்டில் தயங்கியே பாதி இரவு போய்விடுவது உண்டு. திட்டம் மாறினால் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

பீக்கனின் பேட்டரிக்குக் காலாவதித் தேதி உண்டு, உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். பாருங்கள். சோதனைப் பொத்தானைத் தவிர வேறெதையும் விளையாட்டுக்கு அழுத்தாதீர்கள்.

தவறி அழுத்திவிட்டால்? பலரும் பயந்துபோய் அணைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் மையத்தில் இருப்பவருக்கு, ஒரு பீக்கன் பேசி, சட்டென்று நின்றுவிட்டதாகத் தெரியும். அதை அவர் மூழ்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார், விமானம் கிளம்பும். அணையுங்கள், அப்புறம் உடனே 1554க்குக் கூப்பிட்டோ, கடலில் இருந்தால் 16ஆம் சேனலிலோ ‘தவறுதலாகப் பட்டுவிட்டது, நாங்கள் நன்றாக இருக்கிறோம்’ என்று சொல்லிவிடுங்கள்.